தபால் பெட்டிகள்: பழுதுபார்ப்பதா, புதிதாக மாற்றுவதா? ஜொகூர் அடுக்குமாடிவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாசாயில் நான் குடியிருக்கும் ஐந்து மாடி பிளாட்டின் கீழ்த்தளத்தில், படிக்கட்டை ஒட்டி, இருபது தபால் பெட்டிகள் ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாக இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அவற்றில் பாதிக்குக் கதவு மூடாது. மேல் மாடியில் தனியாக வாழும் ஓர் அம்மாவுக்கு வந்த ஓய்வூதியக் கடிதம் மழையில் ஊறி, பெட்டியின் அடித்தகட்டோடு ஒட்டிக் கிடந்தது. பிய்த்து எடுத்தபோது எழுத்தெல்லாம் கலைந்திருந்தது. உடனே பணம் திரட்டி, ஒரு காண்ட்ராக்டரை அழைத்து, எல்லாப் பெட்டிகளுக்கும் நீலப் பெயின்ட் அடித்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பெயின்ட் கொப்புளித்து, உள்ளிருந்த துரு வெளியே வந்துவிட்டது. துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே பெயின்ட் பூசியிருந்தார்கள்.

எது கெட்டிருக்கிறது என்று பார்க்காமலேயே என்ன செய்வது என்று முடிவெடுத்தோம், பணம் வீணாயிற்று. உங்கள் பிளாட்டில் அப்படி நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முன்னனுபவம் எதுவும் தேவையில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு காந்தம், ஓர் அளவுநாடா, ஒரு குறிப்பேடு, ஒரு சனிக்கிழமை காலை இருந்தால் போதும்.

பெட்டி இன்னும் தேவைதானா?

பொதுக்கூட்டத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் எழும். மின்சார பில் கைப்பேசிக்கே வந்துவிடுகிறதே, பெட்டிக்கு எதற்குச் செலவு என்பார்கள். கடிதம் எழுதுவோர் குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் இன்றும் பெட்டிக்கு வருபவை தவறவிடக்கூடாதவை: மாநகர் மன்றத்தின் மதிப்பீட்டு வரி பில், வருமான வரி வாரியக் கடிதம், போக்குவரத்துச் சம்மன், வங்கியின் எச்சரிக்கைக் கடிதம், பிளாட் நிர்வாகத்தின் பொதுக்கூட்ட அறிவிப்பு. கைப்பேசிச் செயலிகளைப் பயன்படுத்தத் தெரியாத முதியவர்களுக்கு இந்தப் பெட்டிதான் அரசாங்கத்தோடு இருக்கும் ஒரே தொடர்பு.

நம்மவர்களுக்கு இதில் இன்னொன்றும் உண்டு. ஜொகூரின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்கள் பலருக்கு, ஊரிலிருந்து வரும் கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்பது லயம் முழுக்கத் தெரிந்துவிடும். லயத்தை விட்டுத் தாமான்களுக்கும் பிளாட்களுக்கும் வந்த பிறகுதான், வீட்டு எண் எழுதிய, தானே பூட்டித் திறக்கும் பெட்டி அவர்களுக்குக் கிடைத்தது. அதன் பூட்டு கெட்டுக் கிடப்பதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முதல் படி: பெட்டி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தெரஸ் வீட்டு கேட்டில் இருக்கும் பெட்டி வீட்டுக்காரருடையது. அதை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரே ஒரு யோசனை: பெட்டியின் வாய் சாலைப் பக்கம் பார்க்கட்டும். தபால்காரர் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே போட்டுவிட்டுப் போகலாம். உள்ளே இருக்கும் நாய்க்கு அவர் பயப்பட வேண்டியதில்லை.

பிளாட், அபார்ட்மென்ட், கொண்டோமினியங்களில் கீழ்த்தளத்துப் பெட்டி வரிசை பொதுவாகப் பொதுச் சொத்து. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி (சட்டம் 757) அதைப் பராமரிக்கும் பொறுப்பு, உங்கள் பிளாட்டின் நிலையைப் பொறுத்து, ஜே.எம்.பி. எனப்படும் கூட்டு நிர்வாக அமைப்புக்கோ எம்.சி. எனப்படும் நிர்வாகக் கழகத்துக்கோ உரியது. ஆகவே தனி ஒருவர் தன் பெட்டியை மட்டும் கழற்றி, கடையில் வாங்கிய வேறு பெட்டியை அங்கே பொருத்துவது சரியல்ல.

புது பிளாட்டா? சாவி பெற்று 24 மாதம் ஆகவில்லையா? அப்படியானால் ஒரு வெள்ளியும் செலவழிக்காதீர்கள். அந்தக் குறைபாட்டுக் காலத்தில் தரக்குறைவான பொருளால் வந்த பழுதை மேம்பாட்டாளர்தான் சரிசெய்து தர வேண்டும். படம் எடுத்து, எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் சாவடி வைத்த தாமான்களில் சில இடங்களில் பெட்டிகளைச் சாவடி ஓரமாக ஒன்றாக வைத்திருப்பார்கள். அந்த நிலம் பெரும்பாலும் சாலை ஒதுக்கீடு, சங்கத்துக்குச் சொந்தமல்ல. அங்கே புதிதாக எதையும் நட்டுக் கட்டும் முன் உங்கள் ஊராட்சி மன்றத்தைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: பெட்டி பெட்டியாகப் பாருங்கள்

இந்த வேலையில் முக்கியமான படி இதுதான். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி கெட்டுக் கிடப்பதாகத் தோன்றும். அருகில் போய் ஒவ்வொன்றாகத் திறந்தால் கதை வேறு. எங்கள் இருபதில் பாதிக்குமேல் பூட்டைத் தவிர வேறு பழுதே இல்லை.

குறிப்பேட்டில் வீட்டு எண்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று சொற்களில் ஒன்றைக் குறியுங்கள்: பூட்டு, கதவு, உடல்.

பூட்டு என்றால் சாவி திரும்பவில்லை, நாக்கு உடைந்திருக்கிறது, பூட்டையே காணோம். தபால் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது கேம் லாக் எனப்படும் சிறு உருளைப் பூட்டு. பின்பக்கம் ஒரு நட், ஒரு நாக்கு, அவ்வளவுதான். கழற்றி ஹார்ட்வேர் கடைக்கு எடுத்துப் போனால் அதே நீளத்தில் வேறொன்று கிடைக்கும். பத்து நிமிட வேலை. இதற்காகப் பெட்டியையே மாற்றுவது, செருப்பு வார் அறுந்ததற்குக் காலை வெட்டுவது போல.

கதவு என்றால் கீல் தேய்ந்து கதவு தொங்குகிறது, யாரோ நெம்பியதில் வளைந்திருக்கிறது, அல்லது கதவின் கீழ் விளிம்பு மட்டும் அரித்திருக்கிறது. வெல்டிங் கடையில் கதவை மட்டும் புதிதாக வெட்டிச் செய்து தருவார்கள். சட்டம் நேராக இருந்தால் இது நல்ல தீர்வு.

உடல் என்பது அடித்தகடும் பின்தகடும் பக்கத் தகடுகளும். இங்கேதான் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். துரு தெரியும் இடத்தில் முனையை வைத்து நன்றாக அழுத்துங்கள். பொடி உதிர்ந்து அடியில் கெட்டியான உலோகம் தட்டுப்பட்டால் அது மேல்துரு, சுரண்டிச் சரிசெய்யலாம். முனை உள்ளே இறங்கினால், அல்லது தகடு அப்பளம்போல நொறுங்கினால், அந்த உடல் முடிந்துபோயிற்று. துருப்பிடித்த இரும்பு, முன்பிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பெயின்ட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவது அதனால்தான். அதன்மேல் எத்தனை பூச்சு பூசினாலும் நிற்காது.

காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். நன்றாகப் பிடித்துக்கொண்டால் அது பெரும்பாலும் சாதாரண இரும்போ, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடோ. ஒட்டவே இல்லையென்றால் அலுமினியமாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கலாம். அத்தகைய பெட்டிகளை அவசரப்பட்டுக் கழித்துவிடாதீர்கள். அவற்றில் கெடுவது பெரும்பாலும் திருகாணியும் கீலும்தான்.

இனி என் அளவுகோல். சட்டம் நேராக இருந்து, உடல் கெட்டவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவென்றால் பழுதுபாருங்கள். அதற்குமேல் போனால், அல்லது சுவரில் பிடிக்கும் சட்டமே ஆடினால், மாற்றுங்கள். இது சட்டத்தில் எழுதிய விதியல்ல, எங்கள் பெட்டிகளில் கண்டது. ஆனால் அடித்தகடுகள் இற்றுப்போன வரிசையை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றி, அது நிலைத்து நின்றதை நான் இதுவரை பார்த்ததில்லை.

மூன்றாம் படி: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பெட்டியைக் கெடுப்பது வயதல்ல, தண்ணீர். ஜொகூரில் ஆண்டு முழுக்க மழை. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வேறு. ஒரு மழைநாளில் போய்ப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று பாருங்கள். சாரல் அடிக்கிறதா? மேல்மாடி ஏ.சி. குழாய்த் தண்ணீர் சொட்டுகிறதா? துப்புரவுத் தொழிலாளி ஹோஸ் பிடித்து நடைபாதையைக் கழுவும்போது கீழ் வரிசையில் தெறிக்கிறதா? எங்கள் பிளாட்டில் துரு முழுவதும் இடதுபக்க இரண்டு வரிசைகளில் இருந்தது. அண்ணாந்து பார்த்தபோது கூரையின் மழைநீர்க் குழாய் அங்கே விரிசல் விட்டிருந்தது தெரிந்தது. குழாயைச் சரிசெய்யாமல் பெட்டியை மாற்றியிருந்தால் புதுப்பெட்டியும் அதே வழிதான் போயிருக்கும்.

அடித்தகட்டில் தண்ணீர் தேங்கும் பெட்டி ஏடிஸ் கொசுவுக்கும் இடம் கொடுக்கும். மூலையில் இரண்டு சிறு துளைகள் போட்டாலே வடிந்துவிடும். துளையின் விளிம்புக்கு பிரைமர் தடவ மறக்காதீர்கள்.

வெள்ளம் வரும் ஊர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். கோத்தா திங்கி 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து மூழ்கியது. 2023 மார்ச்சில் சிகாமட்டும் பத்து பகாட் வட்டாரமும் தண்ணீரில் நின்றன. அத்தகைய இடத்தில் கீழ் வரிசையை உயர்த்த முடியுமா என்று பார்ப்பதுதான் முதல் கேள்வி. பழைய சட்டத்தில் அது முடியாதென்றால், மாற்றுவதற்கு அதுவே போதுமான காரணம்.

நான்காம் படி: வாயை அளந்து பாருங்கள்

பெட்டி கெட்டியாக இருந்தும் பயன்படாமல் போவது வாய் சிறியதாக இருந்தால். சாதாரண நீள உறை 11 செ.மீ. அகலம், 22 செ.மீ. நீளம், அது எதிலும் போகும். ஆனால் ஏ4 தாளை மடிக்காமல் போடும் சி4 உறை 22.9 செ.மீ. அகலம், 32.4 செ.மீ. நீளம். வாய் 23 செ.மீ. அகலத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த உறையை மடக்கித்தான் திணிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டு மழையில் நனையும், அல்லது யாராவது உருவிக்கொண்டு போவார்கள். ஐரோப்பிய நாடுகள் தபால் பெட்டிக்கென்றே வைத்திருக்கும் தர அளவில் வாயின் உயரம் 3 முதல் 3.5 செ.மீ. அதற்குமேல் திறந்திருந்தால் சிறு கை உள்ளே நுழைந்துவிடும்.

வாய்க்குமேல் ஒரு சிறு மடிப்புத் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் கடையில் சேர்க்கலாம். சாரலைத் தடுப்பதில் பாதி வேலையை அது செய்துவிடும்.

ஆலோங் அட்டைகளும் விற்பனைத் துண்டுத்தாள்களும் பெட்டியை நிறைப்பது எல்லா பிளாட்டிலும் உள்ள தொல்லை. பாலத்துக்கு அக்கரையில், சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக பிளாட்களில், தபால்காரர் தன் சாவியால் முன்பக்கப் பெரிய கதவு முழுவதையும் திறந்து எல்லாப் பெட்டிகளிலும் ஒரே நேரத்தில் கடிதம் வைக்கும், வாய் இல்லாத அமைப்பு உண்டு. அங்கே வேலை செய்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் இங்கேயும் அதை வைக்கலாமே என்பார்கள். தபால் நிலையத்தோடு பேசி, சாவி ஏற்பாட்டுக்கு அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் அதை வாங்காதீர்கள். நம் பெட்டியில் போஸ் மலேசியா ஊழியர் மட்டுமல்ல, மாநகர் மன்ற ஊழியர், கூரியர்காரர், பிளாட் நிர்வாகம் என்று பலரும் போடுகிறார்கள். வாய் இல்லாத பெட்டியில் அவர்கள் எதைப் போடுவது?

ஐந்தாம் படி: பழுதுபார்ப்பதென்றால் முறையாகச் செய்யுங்கள்

பெயின்ட் அடிப்பது பழுதுபார்ப்பதன் கடைசி வேலை. அதற்குமுன் துருவைக் கம்பிப் பிரஷ்ஷாலோ கிரைண்டராலோ உலோகம் பளிச்சென்று தெரியும்வரை எடுக்க வேண்டும். எட்டாத குழிகளில் துருவை மாற்றும் அமிலத் திரவத்தைத் தடவி, சொன்ன நேரம் காயவிட வேண்டும். பிறகு பிரைமர், அதன்மேல் இரண்டு பூச்சு. ஜி.ஐ. தகட்டுக்கு அதற்கேற்ற பிரைமர் தனியாக உண்டு. சாதாரண பிரைமர் அதில் உரிந்துவிடும். கொட்டேஷனில் இந்த ஒவ்வொரு வேலையும் தனி வரியாக இருக்க வேண்டும். ‘பெயின்ட் வேலை’ என்று ஒரே வரியில் விலை போட்டவரை நாங்கள் இரண்டாம் முறை அழைக்கவில்லை.

மிகப் பழைய கட்டடமென்றால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இன்னும் நீண்டநாள் உழைக்க வேண்டுமென்றால் பெட்டிகளைக் கழற்றி, தொழிற்கூடத்தில் பவுடர் கோட்டிங் செய்யலாம். பொடியைத் தூவி, ஏறத்தாழ 180 முதல் 200 பாகை வெப்பத்தில் உருக்கிப் படியவைப்பது அது. செலவு கூடுதல். கழற்றியிருக்கும் நாட்களில் கடிதங்களுக்கு மாற்று ஏற்பாடும் வேண்டும்.

ஆறாம் படி: மாற்றுவதென்றால் எந்த உலோகம்?

கடல் எவ்வளவு தூரம் என்பதைக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். ஜொகூருக்கு மூன்று பக்கமும் கடல். குளுவாங், கூலாய் போன்ற உள்நாட்டு ஊர்களில் பவுடர் கோட்டிங் செய்த ஜி.ஐ. தகடு போதும், 304 ரக எஃகு இன்னும் நல்லது. மெர்சிங், பொந்தியான், தெசாரு, பாசிர் கூடாங் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று 304இலும் தேயிலைக் கறை போன்ற பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். 316 ரகத்தில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் அது உப்பை அதிகம் தாங்கும். அலுமினியமும் கடலோரத்துக்கு ஏற்றது. ஆனால் அதில் எஃகுத் திருகாணியை நேரடியாக இறுக்கினால் உப்பீரத்தில் திருகாணியைச் சுற்றி அலுமினியம் அரிக்கும். இடையில் நைலான் வாஷர் போடச் சொல்லுங்கள். மலிவான பிளாஸ்டிக் பெட்டி நம் வெயிலில் சில ஆண்டுகளிலேயே நொறுங்க ஆரம்பித்துவிடும், வாங்க வேண்டாம்.

உயரம்: வாய்கள் தரையிலிருந்து 70 செ.மீ.க்குக் கீழேயும் 170 செ.மீ.க்கு மேலேயும் வேண்டாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் முதியவருக்கும் நடு வரிசையைக் கொடுங்கள். எண் வரிசை கலைந்தால் தபால்காரர் குழம்புவார் என்பது உண்மைதான். எண்ணைப் பெரிதாக, அழியாதபடி வெட்டிப் பொறித்தால் அந்தக் குழப்பம் தீரும். பெட்டியில் பெயர் எழுதாதீர்கள். வீட்டு எண் போதும்.

ஏழாம் படி: ஆண்டுக் கணக்குப் போடுங்கள்

மொத்த விலையைப் பார்த்து முடிவெடுத்தால் எப்போதும் பெயின்ட்தான் ஜெயிக்கும். ஒரு பெட்டிக்கு ஓராண்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். கீழே உள்ள தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் போட்டவை; அவற்றுக்குப் பதில் உங்கள் கொட்டேஷனில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் பெயின்ட் பெட்டிக்கு 15 வெள்ளி, ஓராண்டு தாங்கும்: ஆண்டுக்கு 15 வெள்ளி. துரு நீக்கி, பூட்டு மாற்றி, முறையாகப் பழுதுபார்க்க 45 வெள்ளி, ஐந்தாண்டு தாங்கும்: ஆண்டுக்கு 9 வெள்ளி. புதுப்பெட்டி 180 வெள்ளி, பதினைந்து ஆண்டு: ஆண்டுக்கு 12 வெள்ளி. இந்தக் கணக்கில் பழுதுபார்ப்பது முந்துகிறது. ஆனால் உடல் இற்றுப்போய், பழுதுபார்த்தது மூன்றே ஆண்டு தாங்கினால் ஆண்டுக்கு 15 வெள்ளி ஆகிவிடும். அப்போது புதியதே மலிவு. எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை இரண்டாம் படியில் உங்கள் ஸ்க்ரூ டிரைவர் சொல்லியிருக்கும்.

எட்டாம் படி: பணமும் கூட்டமும்

பூட்டு மாற்றுவது, கீலுக்கு எண்ணெய் விடுவது போன்றவை அன்றாடப் பராமரிப்பு. பராமரிப்புக் கணக்கிலிருந்து எடுக்கலாம். பொதுச் சொத்தில் பொருத்தப்பட்டதை மாற்றுவதும், மேம்படுத்துவதும், பெயின்ட் அடிப்பதும் சிங்கிங் ஃபண்டுக்கென்றே சட்டம் சொல்லும் செலவுகள். மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் 10 விழுக்காடு சேர்த்து நாம் கட்டுவது இதற்குத்தான். ஆகவே பெட்டிக்காகத் தனி வசூல் கேட்டால், சிங்கிங் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மூன்று கொட்டேஷன், உங்கள் ஆய்வுக் குறிப்பு, படங்கள் ஆகியவற்றோடு பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். கட்டண பாக்கி இருந்தால் வாக்களிக்க முடியாது; கூட்டத்துக்கு ஏழு நாளுக்கு முன்பே கட்டிவிடுங்கள். குறித்த நேரத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் போதிய பேர் வராவிட்டால் வந்திருப்பவர்களை வைத்தே கூட்டம் நடக்கும். வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு குறைசொல்லிப் பயனில்லை. நிர்வாகம் அசையவே இல்லையென்றால் உங்கள் ஊராட்சி மன்றத்தில் இருக்கும் கட்டட ஆணையர் அலுவலகத்தில், அதாவது சி.ஓ.பி.யில், புகார் கொடுக்கலாம்.

ஒன்பதாம் படி: மாற்றும் நாள்

இரண்டு வாரத்துக்கு முன்பே மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் அறிவிப்பு ஒட்டுங்கள். தபால்காரரிடம் நேரில் சொல்லுங்கள். ஊரில் எந்த வீடு யாருடையது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. எந்த வரிசை தனக்கு எட்டவில்லை என்று அவர் சொல்வதைக் கேட்டுப் பொருத்துங்கள். வேலை முடியும்வரை கடிதங்களைக் காவலர் சாவடியில் பூட்டிய பெட்டி ஒன்றில் வாங்கி வையுங்கள்.

பழைய பெட்டிகளில் எப்போதோ குடியிருந்தவர்களின் கடிதங்கள் கிடைக்கும். பிரிக்காதீர்கள். ‘வீடு மாறிவிட்டார்’ என்று உறைமேல் எழுதித் தபால் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். புதுச் சாவிகளைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுங்கள். வாடகை வீடென்றால் ஒன்று குடியிருப்பவருக்கு, ஒன்று உரிமையாளருக்கு.

எங்கள் பிளாட்டில் கடைசியில் பதினான்கு பெட்டிகளைப் பழுதுபார்த்தோம். இற்றுப்போன ஆறு உடல்களை மட்டும் புதிதாகச் செய்து அதே சட்டத்தில் பொருத்தினோம். அதற்குமுன் மழைநீர்க் குழாயைச் சரிசெய்தோம். மேல் மாடி அம்மாவுக்கு நடு வரிசையில் பெட்டி. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். அதற்குமுன் ஒரு சனிக்கிழமை காலை ஸ்க்ரூ டிரைவரோடு கீழே இறங்கி உங்கள் வரிசையைப் பார்த்துவிடுங்கள்.